கையின் வித்தையும் காதின் கல்வியும்

டிஜேக்களைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் இரண்டு குரல்கள் தவறாமல் கேட்கின்றன. முதலாவது அத்தொழிலுக்குள்ளிருந்தே வருவது. இரண்டு பாடல்களின் தாளத்தைக் காதால் அளந்து கையால் இணைக்கத் தெரியாதவர் டிஜேயே அல்லர் என்பது அதன் தீர்ப்பு. இரண்டாவது, நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்களின் குரல். பிறர் பாடியதை ஒலிக்கவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பவருக்குக் கலைஞர் என்ற பட்டம் எதற்கு என்று அது ஏளனமாகக் கேட்கிறது.

ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றும் இவ்விரு தரப்புகளும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன. இரண்டுமே டிஜேயின் கையை மட்டும் பார்க்கின்றன. அந்தக் கை அங்கே வித்தை காட்டுகிறது என்று முதல் தரப்பு மெச்சுகிறது. ஒன்றும் செய்யவில்லை என்று இரண்டாம் தரப்பு இகழ்கிறது. அவருடைய காது என்ன செய்கிறது என்று இருவருமே கேட்பதில்லை. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிக்ஸிங் என்பது சில நிகழ்வுகளில் உயிர், சிலவற்றில் அலங்காரம், சிலவற்றில் வெறும் இடைஞ்சல். எங்கே எது என்று அறிவதே அத்தொழிலின் முதற்கல்வி.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். நியூயார்க்கில், மேற்கு 43ஆம் தெருவின் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் சாங்க்சுவரி என்ற நடன விடுதி இயங்கியது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே இசைத்தட்டுகளை இயக்கிய ஃபிரான்சிஸ் கிராஸோ, ஒரு பாடல் முடியுமுன்பே அடுத்ததன் தாளத்தை அதனோடு பொருத்தி, ஆடுபவர்கள் கால் நிறுத்தாதபடி தொடரச்செய்தார். அக்காலத் தட்டுகளில் தாளம் வாசித்தவர்கள் மனிதர்கள். வேகம் பாட்டுக்குள்ளேயே ஏறும், இறங்கும். அதைக் காதால் மட்டுமே பிடித்து இணைத்தது பெரிய சாதனைதான். இன்றைய தூய்மைவாதிகள் தங்கள் குலமுதல்வராக அவரைச் சொல்வது நியாயமே.

ஆனால் அதே நகரத்தில், 1970ஆம் ஆண்டின் காதலர் தினத்தன்று, டேவிட் மான்குஸோ பிராட்வேயிலிருந்த தன் குடியிருப்பில் ஒரு விருந்து நடத்தினார். பின்னர் 'தி லாஃப்ட்' என்று புகழ்பெற்ற விருந்துகளுக்கு அதுவே தொடக்கம். மது விற்பனை கிடையாது. அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே வரலாம். தொடக்கத்தில் அவரும் பாடல்களை இணைத்தவர்தான். பிற்பாடு மிக்ஸரையே அகற்றிவிட்டார். ஒவ்வொரு தட்டையும் முதலிலிருந்து இறுதிவரை, படைத்தவர் பதிவுசெய்த அதே வேகத்தில் ஒலிக்கவிட்டார். இரண்டு பாடல்களுக்கு நடுவே மௌனம் இருந்தது. தூய்மைவாதிகளின் அளவுகோலின்படி, 2016இல் மறைந்த மான்குஸோ டிஜே அல்லர். நியூயார்க் நடன இசையின் வரலாற்றை அவரைத் தவிர்த்து எழுதவும் முடியாது. எனில் கோளாறு மான்குஸோவிடமா, அளவுகோலிடமா?

ஜமைக்காவுக்குப் போனால் இந்த அளவுகோல் முற்றிலும் முறிந்துவிடும். 1950களில் கிங்ஸ்டனின் தெருக்களில் பெரும் ஒலிபெருக்கிகளோடு இயங்கிய சவுண்ட் சிஸ்டம் குழுக்களிடம் தொடக்கத்தில் இருந்தது பெரும்பாலும் ஒரே டர்ன்டேபிள். ஒன்றோடொன்று இணைக்க இரண்டாவது ஏது? போட்டியெல்லாம் எவரிடமும் இல்லாத தட்டு யாரிடம் இருக்கிறது என்பதில்தான். பாடலின் பெயரைப் போட்டியாளர் அறிந்துவிடாமலிருக்கத் தட்டின் நடுவிலுள்ள பெயர்ச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அங்கே 'டீஜே' என்றால் மைக்கில் தாளத்தோடு பேசுபவர். தட்டை இயக்குபவருக்குப் பெயர் 'செலக்டர்', அதாவது தேர்ந்தெடுப்பவர். தொழிலின் சாரத்தைப் பெயரிலேயே வைத்த மக்கள் அவர்கள். பாடல் கூட்டத்துக்குப் பிடித்துவிட்டால் கூச்சல் எழும். செலக்டர் பாதியில் நிறுத்தி முதலிலிருந்து தொடங்குவார். தொடர்ச்சியைக் கலைப்பது நியூயார்க் நடன விடுதியில் குற்றம். கிங்ஸ்டனில் அதுவே பாடலுக்குக் கிடைக்கும் உச்ச மரியாதை.

இங்கிலாந்தின் வடக்கிலும் இதற்கு இணையான மரபொன்று உண்டு. விகன் கசீனோ என்ற அரங்கில் 1973 முதல் 1981 வரை இரவு முழுக்க நடந்த நார்த்தர்ன் சோல் நிகழ்வுகளில், தொழிற்பேட்டை ஊர்களின் இளைஞர்கள் 1960களின் அமெரிக்கக் கறுப்பின இசைக்கு ஆடினார்கள். பல பாடல்கள் அமெரிக்காவில் விலைபோகாமல் மறக்கப்பட்டவை. அவற்றைத் தேடிக் கண்டெடுத்துக் கொண்டுவருவதே அங்கே டிஜேயின் பெருமை. இரண்டரை நிமிடப் பாட்டு முடியும், அடுத்தது தொடங்கும். இணைப்பின் நயத்தை எவரும் எதிர்பார்க்கவில்லை.

மிக்ஸிங்கை நான் மட்டம் தட்டுவதாக எவரும் எண்ண வேண்டாம். அது உயிராக இருக்கும் இடங்கள் உண்டு. கிங்ஸ்டனில் பிறந்து நியூயார்க்கின் பிராங்க்ஸில் வளர்ந்த கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூவின் 1520ஆம் எண் கட்டடத்தில் நடத்திய விருந்தை ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பாட்டின் நடுவே தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளை, ஒரே தட்டின் இரண்டு பிரதிகளைக் கொண்டு நீட்டிக்கும் முறை அவருடையது. அவர் கையில் முரடாக இருந்த அவ்விணைப்பை, தட்டின்மேல் அடையாளமிட்டு விரலால் பின்னிழுத்துத் துல்லியமாக்கியவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். கிராண்ட் விஸார்ட் தியோடர் அதே தட்டை முன்னும் பின்னும் தேய்த்து அதற்கொரு புதிய குரலையே தந்தார். இம்மரபில் டர்ன்டேபிள் ஒரு வாத்தியம். வாத்தியக்காரரிடம் கைத்திறனைக் கேட்காமல் வேறெதைக் கேட்பது?

சிகாகோவின் வேர்ஹவுஸ் விடுதியில் 1977 முதல் ஃபிராங்கி நக்கிள்ஸ் வளர்த்த மரபிலும் நிலைமை இதுவே. அதன் வழியே பிறந்த ஹவுஸ் இசைத்தட்டுகள் பலவற்றில் தொடக்கமும் முடிவும் வெறும் தாளமாகவே நீளும், இன்னொரு தட்டு வந்து பொருந்துவதற்காக விடப்பட்ட இடம்போல. தனியே கேட்டால் அவை பாதி வீடு. அங்கே இணைக்கத் தெரியாதவர் வேலை தெரியாதவரே.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க ஒரு சொல் போதும்: அந்தாதி. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்திலும் ஐங்குறுநூற்றின் தொண்டிப்பத்திலும் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகிறது. அத்தொடர்ச்சி அறுந்தால் வடிவமே அறுந்துவிடும். ஆனால் எல்லாத் தொகையும் அந்தாதியா? அகநானூற்றில் ஒவ்வொரு பாட்டும் தன்னளவில் முழுமையானது. ஒற்றைப்படை எண்களில் பாலை, பத்தாவதுதோறும் நெய்தல் என்று திணைகளை முறைவைத்துக் கோத்ததில் தெரிகிறது தொகுத்தவரின் கலை. பாட்டுக்குப் பாட்டு அந்தாதி இல்லையே என்று உருத்திரசன்மரை எவரேனும் குறை சொன்னதுண்டா?

இனி நம் திருமண வரவேற்புகளுக்கு வருவோம். டிஜேக்களிலேயே கீழ்ச்சாதி போல நடத்தப்படுபவர் திருமண வீட்டு டிஜே. 'அவருக்கு மிக்ஸிங் வராது' என்பதே அவர்மேல் சுமத்தப்படும் முதல் குற்றம். கணக்கைப் பார்ப்போம். விடுதிகளின் தரக்கருவியாக நெடுங்காலம் விளங்கிய டெக்னிக்ஸ் 1200 எம்.கே.2 வகை டர்ன்டேபிளில் வேகத்தை எட்டு சதவீதம் கூட்டலாம், குறைக்கலாம். நிமிடத்துக்கு 95 அடி கொண்ட பாட்டை அதிகபட்சம் ஏற்றினால் 102.6, 128 அடிப் பாட்டை அதிகபட்சம் இறக்கினால் 117.8. இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. இன்றைய மென்பொருளில் எவ்வளவும் இழுக்கலாம். இழுத்தால் பாட்டு பாட்டாக இராது. சரி, வேகம் ஒத்துப்போனாலும் நடை ஒத்துப்போக வேண்டுமே? நம் குத்துப்பாட்டுகளில் பெரும்பாலானவை மும்மூன்றாக ஓடும் திஸ்ர நடை; மேற்கத்தியத் தாளத்தில் அமைந்தவை நான்கு நான்காக ஓடும் சதுஸ்ர நடை. அடிகள் சேரும், அடிகளுக்கு இடையிலுள்ள ஓட்டம் மோதும். ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றினால் கிடைப்பது இரைச்சல். பல்லவி முடியும் இடத்தில் சட்டென நிறுத்தி அடுத்ததைத் தொடங்குபவர்தான் அங்கே இசையறிவு உள்ளவர்.

அவருடைய உண்மையான வேலை வேறிடத்தில் இருக்கிறது. மூன்று தலைமுறையினர் ஒரே அரங்கில் இருக்கிறார்கள். எந்தப் பாட்டுக்குப் பாட்டி நாற்காலியிலிருந்து எழுவார், எதற்குப் பெண்வீட்டார் முகம் சுளிப்பார்கள், களைத்தவர்களை எப்போது உட்காரவிட வேண்டும், பெரியவர் வாழ்த்த வரும்போது ஒலியை எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்பதையெல்லாம் நொடிக்கு நொடி தீர்மானிக்கிறார். சிகாகோவின் மியூசிக் பாக்ஸ் விடுதியில் ரான் ஹார்டி, பின்னாளில் 'ஆசிட் டிராக்ஸ்' என்று வெளிவந்த பதிவை ஒரே இரவில் நான்கு முறை ஒலிக்கவிட்டார் என்று அதை உருவாக்கியவர்கள் சொல்வதுண்டு. முதல்முறை தளம் காலியானது. நான்காம் முறை கூட்டம் வெறிகொண்டு ஆடியது. அந்த இரவை வென்றது இணைப்பா, கூட்டத்தை அறிந்த பிடிவாதமா?

தூய்மைவாதிகளிடம் கடைசியாக ஒன்று. தாளம் பொருத்தும் வேலையை மென்பொருள் ஒரு பொத்தானில் செய்யத் தொடங்கி ஆண்டுகள் பல ஆயிற்று. இணைப்பே டிஜேயின் தகுதி என்று நீங்கள் சாதித்தால், அத்தகுதி உங்களைவிட இயந்திரத்துக்கே அதிகம். ஒரு தொழிலாளியின் கூலியை மறுக்க விரும்புகிறவருக்கு உங்கள் வாதத்தைவிடச் சிறந்த ஆயுதம் கிடைக்காது. மற்றவர்களைத் தொழிலிலிருந்து விலக்க நீங்கள் எழுதும் சட்டம், நாளை உங்களையே வீட்டுக்கு அனுப்பும். முன்னால் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்து, ஆயத்தம் செய்து வந்த வரிசையை அந்தக் கணமே கைவிடும் துணிவு மட்டுமே உங்களுடையதாக எஞ்சும்.

இலக்கிய நண்பர்களிடமும் ஒன்று. பிறர் பாடியவற்றைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, நமக்குக் கையளித்தவர்களால்தான் சங்க இலக்கியம் என்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. தொகுத்தவரையும் தொகுப்பித்தவரையும் பெயர் சொல்லிப் போற்றிய மரபில் வந்துவிட்டு, தேர்ந்தெடுப்பதெல்லாம் ஒரு கலையா என்று கேட்பது நமக்கு அழகில்லை.