7 நிமிடம், 1,500 மீட்டர்... முதல் 300-ல் அவசரப்படாதீங்க!

போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதி, கட் ஆஃப் கணக்குப் போட்டு, ஒருவழியாக ‘பிசிக்கல்’ வரை வந்துவிட்டீர்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆண்களுக்கு வைக்கும் 1,500 மீட்டர் ஓட்டத்தை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அத்தனை மாதம் படித்த படிப்பும் கூடவே போய்விடும்.

இத்தனைக்கும் 7 நிமிடம் ஒன்றும் மின்னல் வேகமில்லை. மொராக்கோ வீரர் ஹிஷாம் எல் கெரூஜ் 1998-ல் ரோம் நகரில் இதே தூரத்தை 3 நிமிடம் 26 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார். நமக்குத் தருவது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பிறகு எங்கே கோட்டை விடுகிறோம்? பெரும்பாலும் முதல் 300 மீட்டரில்.

விசில் அடித்ததும் பக்கத்தில் இருப்பவர் பாய்கிறார், நாமும் பாய்கிறோம். இந்தத் தூரத்துக்குத் தேவையான சக்தியில் பெரும்பகுதி, மூச்சில் வரும் ஆக்சிஜனை வைத்துத்தான் கிடைக்கிறது. நூறு மீட்டர் பந்தயம்போலக் கிளம்பினால் அந்த சப்ளை ஈடுகொடுக்காது. இரண்டாவது ரவுண்டிலேயே காலில் கருங்கல்லைக் கட்டியதுபோல இருக்கும். மிச்சமிருக்கும் தூரம் முழுக்கத் தள்ளாட்டம்தான்.

அதனால், 6 நிமிடம் 40 நொடியைக் குறியாக வையுங்கள். 400 மீட்டர் டிராக்கில் 1,500 என்பது முதலில் 300 மீட்டர், பிறகு மூன்று முழு ரவுண்டு. முதல் 300-ஐ 1:20-ல் கடந்தால் போதும். 700 மீட்டரில் வாட்ச் 3:07 காட்ட வேண்டும், 1,100-ல் 4:53. கிரவுண்டு வேறு அளவில் இருந்தால், 100 மீட்டருக்கு சுமார் 27 நொடி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ரவுண்டில் நாலு பேர் முந்திப் போவார்கள். போகட்டும்.

பயிற்சியில் பலரும் செய்வது, தினமும் 1,500 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடி டைம் பார்ப்பது. இதில் உடம்பு களைக்குமே தவிர, வேகம் பெரிதாகக் கூடாது. வாரத்தில் மூன்று நாள், பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக 4, 5 கிலோமீட்டர் ஓடுங்கள். ‘இவ்வளவு மெதுவாவா?’ என்று தோன்றும். மூச்சுத் திறன் வளர்வது இதில்தான். இன்னொரு நாள் 400 மீட்டரை 1:40-ல் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, திரும்ப ஓடுங்கள். இப்படி நான்கு முறை. வேறொரு நாள் 200 மீட்டர், ஆறு முறை, இன்னும் கொஞ்சம் வேகமாக. மற்ற நாள்கள் ஓய்வு. முழு 1,500-ஐ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடிப் பார்த்தால் போதும். இதற்கு எட்டு வாரமாவது வேண்டும். ‘ஏழே நாளில் வேகம்’ ரீல்ஸ்களை அப்படியே மேலே தள்ளிவிடுங்கள்.

பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 நொடி. நிற்காமல் சீராக ஓடிப் பழகினாலே எட்டிவிடலாம்.

ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். யாரோ தரும் மாத்திரை, ஊசி பக்கமே போகாதீர்கள். தேர்வு நாளில் இரண்டு மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிட்டால் போதும். புது ஷூ மட்டும் அன்றைக்கு வேண்டாம், பழகிய ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள்.