ரிப்பேர் திரையே நத்தை வேகமா?

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா லேப்டாப்போடு வந்தார். ஆன் செய்தால் விண்டோஸ் வரவில்லை. 20 நிமிடம் சுற்றிவிட்டு நீல நிற ரிப்பேர் திரை வருகிறது. "ரீசெட்டை அமுக்கிடட்டுமா தம்பி?" என்றார். பதறித் தடுத்தேன். மகளின் வளைகாப்பு போட்டோக்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றனவாம்!

விண்டோஸ் அடுத்தடுத்து 2 முறை தொடங்க முடியாமல் போனால், தானாகவே இந்தத் திரைக்குப் போய்விடும். அதுவே ஆமையாக ஊர்ந்தால், ஹார்ட் டிஸ்க் மீதுதான் முதல் சந்தேகம். ரிப்பேர் திரையும் வழக்கமாக அதே டிஸ்க்கில்தானே இருக்கிறது!

பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். சில சமயம் பழுதான பென் டிரைவ்கூட இப்படி இழுத்தடிக்கும். அப்படியும் சரியாகவில்லையா? ரீசெட், செக்டிஸ்க் எதுவும் இப்போது வேண்டாம். பழுதான டிஸ்க்குக்கு வேலை கொடுக்கக் கொடுக்க, உள்ளதும் போய்விடலாம். முதலில் போட்டோக்களை மீட்போம்.

'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று போங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க எண் கேட்கும். செல்போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து தேடுங்கள். பிறகு நோட்பேட் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். திறக்கும் நோட்பேடில் ஃபைல், ஓப்பன் போய், 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தால் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் தெரியும். ரைட் கிளிக்கில் காப்பி செய்து, நல்ல பென் டிரைவில் பேஸ்ட் செய்யலாம். எத்தனை நேரமானாலும் இடையில் ஆஃப் செய்யாதீர்கள்.

அக்காவுக்கு இரவு 11 மணி ஆனது. ஒரு ஃபோல்டர் மட்டும் வரவேயில்லை, வளைகாப்பு வந்துவிட்டது. மறுநாள்தான் புது எஸ்.எஸ்.டி. வாங்கக் கிளம்பினோம்.