‘ஈகிள்’ இதழும் அதனை வரைந்த கையும்

சிறுவர்க்கான சித்திரக்கதை ஏடுகளை இலக்கிய வரலாற்றின் வாயிலிலேயே நிறுத்திவிடும் வழக்கம் கற்றோரிடையே இன்றும் உண்டு. நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். இங்கிலாந்தில் வெளிவந்த ‘ஈகிள்’ என்னும் வார இதழின் வரலாற்றைப் படித்த பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்கத் திகில் சித்திரக்கதைகள் அந்நாட்டுச் சிறுவர் கைகளில் பெருகின. லங்காஷயரில் சௌத்போர்ட் நகரின் பர்க்டேல் பகுதியில் ஆலயக் குருவாக இருந்த மார்க்கஸ் மோரிஸ், அவற்றைக் கண்டித்து 1949 பிப்ரவரியில் ‘சண்டே டிஸ்பாச்’ இதழில் கட்டுரை எழுதினார். கண்டனத்துடன் அவர் அமையவில்லை. தீயதை விலக்க, அதனினும் அழகிய நல்லதொன்றைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் எனத் துணிந்தார். திகில் ஏடுகளைத் தடுக்கும் சட்டம் 1955இல்தான் வந்தது. அச்சட்டத்தைக் காட்டிலும் மோரிஸ் கண்ட வழியே மேலானது என்பேன்.

போரிலிருந்து திரும்பி அவ்வூர் ஓவியப் பள்ளியில் பயின்று வந்த ஃபிராங்க் ஹாம்ப்சன் அவருக்குத் துணையானார். இருவரும் உருவாக்கிய மாதிரி இதழை ஹல்டன் நிறுவனம் ஏற்றது. 1950 ஏப்ரல் 14 அன்று, மூன்று பென்னி விலையில் முதல் இதழ் வெளிவந்தது. ஏறத்தாழ ஒன்பது இலட்சம் படிகள் விற்றன.

முதற்பக்க நாயகன் டான் டேர். முதலில் அவனைச் சமய குருவாகவே படைத்திருந்தனர். பின்னரே விண்வெளிப் படையின் தளபதியாக மாற்றினர். அந்த மாற்றம் இதழைப் பிழைக்க வைத்தது. போதனை பின்னுக்குச் சென்று கதை முன்னுக்கு வந்தது. டான் டேரின் முதற்பயணம் எதற்காகத் தெரியுமா? பூமியில் உணவு அருகிவிட்டது. வெள்ளிக் கோளில் உணவு கிடைக்குமா என்று தேடிச் செல்கிறான். பங்கீட்டு அட்டையில் உணவு பெற்று வந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு இக்கதை வெறுங்கற்பனையாகத் தோன்றியிராது. அங்கு உணவுப் பங்கீடு முற்றும் நீங்கியது 1954இல்தான். அப்பயணக் குழுவில் பேராசிரியர் பீபாடி என்னும் பெண் அறிவியலாளரும் இருந்தார் என்பது கருதத்தக்கது.

ஹாம்ப்சனின் உழைப்பு வியப்புக்குரியது. பழைய ரொட்டி அடுமனை ஒன்றே அவரது முதற்பணிக்கூடம். விண்கலங்களுக்கு மாதிரிகள் செய்து வைத்தார். உதவியாளர்க்கு உடையணிவித்து, நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்தே வரைந்தார். அவருடைய தந்தையே சர் ஹூபர்ட் என்னும் பாத்திரத்திற்கு முகம் தந்தார். தொடக்கக் காலத்தில் ஆர்தர் சி. கிளார்க் அறிவியல் ஆலோசகராக இருந்தார். வாரம் இரண்டு வண்ணப் பக்கங்களுக்கு இத்தனை பாடு! குழந்தைக்குத்தானே, இது போதும் என்ற அலட்சியம் அங்கு இல்லை.

ஆனால் குழந்தையை மதித்த அந்த ஏடு, தன்னை வரைந்தவனை மதித்ததா? டான் டேரின் பெயரில் பொம்மைகளும் கடிகாரங்களும் விற்றன. லக்ஸம்பர்க் வானொலியில் தொடர் நாடகம் ஒலித்தது. உரிமை முழுதும் நிறுவனத்துடையது. ஹாம்ப்சனுக்கு ஊதியம் மட்டுமே. முதலீடு செய்தவர்க்கு உரிமை என்பது வணிக நியாயம் என்பர். ஊதியம் தந்தோர் பணிக்கூடச் செலவையும் தாங்கினர் என்பது உண்மையே. எனினும் வருவாயில் ஒரு சிறு பங்கைப் படைத்தவனுக்கு ஒதுக்கியிருந்தால் நிறுவனம் நொடித்துப் போயிராது.

1959இல் ஹல்டன் நிறுவனம் ஒடாம்ஸ் வசம் சென்றது. அவ்வாண்டிலேயே மோரிஸ் விலகினார். ஹாம்ப்சனும் டான் டேரைக் கைவிட்டார். பின்னாளில் அவர் ஈவெல் தொழில்நுட்பக் கல்லூரியில் வரைகலைப் பணியாளராக வேலை பார்த்தார். 1975இல் இத்தாலியின் லூக்கா நகரில் கூடிய சித்திரக்கதை வல்லுநர்கள் அவரைத் தலைசிறந்த கலைஞராகப் போற்றினர். 1985இல் மறைந்தார். அவரது இதழோ 1969இலேயே ‘லயன்’ இதழுடன் இணைக்கப்பட்டு மறைந்திருந்தது. 1982இல் அதே பெயரில் மீண்டும் தொடங்கிய இதழும் 1994இல் நின்றது.

ஹாம்ப்சன் தம் பக்கங்களில் கையொப்பமேனும் இட்டார். ‘லயன்’, ‘வேலியன்ட்’ போன்ற பிற வார இதழ்களில் எழுதியோர், வரைந்தோர் பெயர்களை அச்சிடும் வழக்கமே இல்லை. ‘2000 ஏடி’ இதழ்தான் 1977 முதல் அப்பெயர்களை வெளியிடலாயிற்று.

‘வேலியன்ட்’ இதழின் நாயகன் ஒருவனை நாம் நன்கறிவோம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தமிழில் தந்த இரும்புக்கை மாயாவியே அவன். பள்ளிப் பருவத்தில் அந்தக் கையை என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எத்தனையோ முறை வரைந்து பார்த்திருக்கிறேன். அதை முதலில் வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர் என்பதை ஆசிரியப் பணிக்கு வந்து பல்லாண்டுகள் கழித்தே அறிந்தேன்.