பைத்தியம் என்றொரு பாத்திரம்!



நம் தமிழ் சினிமாவில் போலீஸ்காரருக்குக் காக்கிச் சட்டை, வக்கீலுக்குக் கறுப்புக் கோட்டு என்பதுபோல் பைத்தியத்துக்கும் ஒரு சீருடை உண்டு. பரட்டைத் தலை, கிழிந்த சட்டை, காரணமில்லாத சிரிப்பு! காமெடிக் காட்சி என்றால் அது நாயகனின் நண்பனைத் துரத்தும். திகில் படம் என்றால் கத்தியைத் தூக்கும். சோகப் படம் என்றால் கடைசிக் காட்சியில் நம்மை அழ வைக்கும். சிரிப்பு, பயம், பரிதாபம்... இந்த மூன்றையும் தாண்டி, அந்த மனிதனுக்கு உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்ட படங்கள் எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"சினிமாதானே, வுடுப்பா!" என்பீர்கள். விட முடியவில்லை தோழர்களே! மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டுகிறது. அதாவது நம்ம வயசில்! உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 300 பேருக்கு ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. ஒரு பாலிடெக்னிக்கின் மூன்று வருட மாணவர்களையும் மைதானத்தில் நிற்க வைத்து எண்ணிப் பாருங்கள். கணக்கு நெஞ்சைச் சுடும்.

படங்களைக் கொஞ்சம் புரட்டுவோம். 1991ல் வந்த 'குணா'. 2024ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த பிறகு கொடைக்கானல் குகையைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. குகை ஞாபகம் இருக்கிறது, குணாவின் மனசு யாருக்கு ஞாபகம்? 1999ல் 'சேது'. மனம் பேதலித்தவர்களைச் சங்கிலியில் கட்டி வைக்கும் மடத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதற்காகப் பாராட்டலாம். 2001ல் 'ஆளவந்தான்'. நந்துவின் மனக்காட்சிகளைக் கார்ட்டூனாகக் காட்டி உள்ளே எட்டிப் பார்க்க முயன்றது. ஆனால் அவனைக் கொலைகாரனாக்கிவிட்டது. 2005ல் 'அந்நியன்', 'சந்திரமுகி' இரண்டும் காட்டியது ஒரே உடம்பில் பல ஆட்கள் என்ற வேறு சமாச்சாரம். நம் மக்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி 'சைக்கோ' என்று பெயர் எழுதிவிட்டார்கள்! 1794ல் தொடங்கிய பழம்பெரும் மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரையே வசவுச் சொல்லாக்கிய பெருமையும் நம் நகைச்சுவைக் காட்சிகளுக்கு உண்டு.

இந்த நிலையில்தான் விடுதியில் நண்பனின் கம்ப்யூட்டரில் ஒரு வீடியோ கேம் விளையாடினேன். 'ஹெல்பிளேடு: செனுவாஸ் சாக்ரிபைஸ்' என்று பெயர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள நிஞ்சா தியரி என்ற நிறுவனம் 2017ல் வெளியிட்டது. கதை நடப்பது எட்டாம் நூற்றாண்டின் கடைசியில். இங்கே பல்லவர் ஆண்ட காலம், அங்கே வைக்கிங்குகள் கப்பலில் வந்து கொள்ளையடித்த காலம். செனுவா என்ற பெண்ணின் காதலனை அந்தக் கொள்ளையர் கொன்றுவிடுகிறார்கள். அவன் ஆன்மாவை மீட்க அவர்களுடைய நரகத்துக்கே அவள் புறப்படுகிறாள். நம் சாவித்திரி கதை மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் செனுவாவுக்கு எந்நேரமும் காதில் குரல்கள் கேட்கின்றன. அவள் பார்ப்பதில் எது நிஜம், எது மாயை என்று விளையாடும் நமக்கும் தெரியாது!

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனநலப் பேராசிரியர் பால் பிளெட்சரையும், குரல் கேட்கும் அனுபவம் உள்ளவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் சொல்லச் சொல்லச் செய்திருக்கிறார்கள். குரல்களைப் பதிவு செய்த விதம் எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு ருசிக்கும். மனிதத் தலை போன்ற ஒரு பொம்மையின் இரு காதுகளிலும் மைக் பொருத்தி, நடிகைகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பேசினார்கள். நம் இரு காதுகளுக்கும் இடையே தோராயமாக 20 சென்டிமீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. வகுத்துப் பாருங்கள், ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்து சேரும் வித்தியாசம் அரை மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் அதிகம். இந்தத் துளி நேரத்தை வைத்துத்தான் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிக்கிறது. ஹெட்போன் மாட்டினால், ஒருத்தி இடது தோளில் சாய்ந்து கிசுகிசுக்கிறாள், இன்னொருத்தி முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறாள். நான் நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை!

எங்கள் தெருவில் ஒரு அண்ணன். டிப்ளமா மெக்கானிக்கல் இரண்டாம் வருடத்தில் படிப்பு நின்றுபோனது. குறி கேட்டார்கள், தாயத்துக் கட்டினார்கள், கோழி அறுத்தார்கள். மூன்று வருடம் போன பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். இன்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். கடைசல் வேலையில் அவர் கை படு சுத்தம். நான் அந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னதும் அவர் சொன்னார்: "நெசந்தான் தம்பி. சினிமாவுல காட்டறா மாதிரி மண்டைக்குள்ள எதிரொலிக்கறதெல்லாம் கெடையாது. யாரோ பக்கத்துல நின்னு பேசறா மாதிரியே இருக்கும். அதான் திரும்பித் திரும்பிப் பாப்பேன். நான் திரும்பறதத்தான் ஊரு பாத்துச்சு. எனக்குக் கேட்டது யாருக்குத் தெரியும்?"

இந்த ஒரு கேள்விதான் தோழர்களே, என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. நம் சினிமா கேமராவை வெளியே வைத்து, திரும்பிப் பார்ப்பவனைக் காட்டுகிறது. அந்த விளையாட்டு மைக்கை உள்ளே வைத்து, அவன் கேட்பதை நமக்குக் கேட்க வைக்கிறது.

இன்னொரு ஆச்சரியமான செய்தி. அமெரிக்க ஆய்வாளர் தான்யா லூர்மனும் சென்னை ஸ்கார்ஃப் அமைப்பின் மருத்துவர்களும் மற்றவர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2015ல் வெளியானது. கலிபோர்னியா, கானா, சென்னை மூன்று இடத்திலும் தலா 20 நோயாளிகளிடம் "உங்களுக்கு என்ன குரல் கேட்கிறது?" என்று கேட்டார்கள். அமெரிக்கர்கள் பலருக்குச் சண்டையும் மிரட்டலும் கேட்டன. சென்னையில் பாதிப் பேருக்கு மேல் கேட்டது சொந்தபந்தங்களின் குரல்! இதைச் செய், அதைச் செய் என்று வீட்டு வேலை ஏவும் குரல்! அப்படியென்றால் தமிழில் ஒரு செனுவா வந்தால் அவளுக்குக் கேட்கப்போவது அத்தையும் சித்தியும்தான். அந்தக் கதையை வெள்ளைக்காரன் எடுக்க முடியாது. நாம்தான் எடுக்க வேண்டும்!

அந்த விளையாட்டிலும் குறை உண்டு. நோயைத் தாண்டுவதை வாள் சண்டையாகக் காட்டுகிறார்கள். நிஜத்தில் இந்த நோயாளிகள் அடிப்பதைவிட அடிபடுவதே அதிகம். மருந்து, மருத்துவர் என்ற பேச்சும் அந்தக் காலத்துக் கதையில் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். செனுவாவை அதிகம் வதைத்தது குரல்கள் அல்ல, "இவள் சாபம் பிடித்தவள்" என்று இருட்டில் அடைத்து வைத்த பெற்ற தகப்பன்!

அது என்றோ நடந்த வைக்கிங் கதை என்று தள்ளிவிடலாமா? ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு மனநல விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப் போனார்கள். அதன் பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2017ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. சட்டம் இரும்புச் சங்கிலியைத்தான் அறுக்கும். கேலிச் சங்கிலியை யார் அறுப்பது?

நம் திருவண்ணாமலைக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. 1896ல் இங்கே வந்து மௌனமாக அமர்ந்த சிறுவன் வேங்கடராமன்மீது பையன்கள் கல்லெறிந்தார்கள். ஊரில் பலர் பித்தர் என்று ஒதுக்கிய சேஷாத்திரி சுவாமிகள் அவரைக் காப்பாற்றினார். அந்தச் சிறுவன்தான் ரமண மகரிஷி. வித்தியாசமானவர்களைத் துரத்தாமல் சோறு போடும் ஊர் இது. அது நமக்குப் பெருமை. ஆனால் இன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், தனக்குத்தானே பேசிக்கொண்டு புண்ணோடு படுத்திருக்கும் ஒருவரைச் சித்தர் என்று கும்பிட்டுவிட்டு நடந்துபோவது சரியா? யார் ஞானி, யார் நோயாளி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் "சாப்ட்டீங்களா? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று கேட்கத் தகுதி எதற்கு? நோயாளியை எட்டி உதைப்பதும் தப்பு, தெய்வமாக்கிக் கைகழுவுவதும் தப்பு.

தோழர்களே! நம்மில் ஒருவன் திடீரென்று தூக்கத்தை விட்டால், குளிக்காமல் சாப்பிடாமல் ஒதுங்கினால், இல்லாத குரலுக்குப் பதில் சொன்னால், பட்டப்பெயர் வைக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். வகுப்பு ஆசிரியரிடமோ வீட்டிலோ சொல்லுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 2022ல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416ல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்பதுதான் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

அடுத்த ஆண்டு விழாவில் நாடகமோ குறும்படமோ போடும்போது, சிரிப்புக்காக ஒரு பைத்தியத்தை மேடையேற்ற யாராவது ஆசைப்பட்டால், நம் மாணவர் மன்றம் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "அவருக்கு என்ன கேட்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரிந்துகொள்வோம்! காது கொடுப்போம்!

- மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொலைத்தொடர்புப் பிரிவு