பகலில் உறங்கும் வீடு



பெருந்தொற்றுக்குப் பிறகு இடம் மாறிப் போயிருந்த நம் மலேசியப் பள்ளி ஆண்டு, 2026-இல் மறுபடியும் ஜனவரிக்கே வந்துவிட்டது. அதனால் பழைய டிசம்பர் விடுமுறையும் நமக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லாத நாட்டில், பள்ளி அடைத்துப் பிள்ளைகள் பையைத் தூக்கும் இந்த வாரங்கள்தாம் உறவுக்காரர்கள் வரும் காலம். வரப்போகிறவர்களும் வரவேற்கப்போகிறவர்களும் ஒருசேரப் படிப்பீர்கள் என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

கெடாவில் கூலிம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். பினாங்கிலிருந்து அத்தை, பட்டர்வொர்த் வரை ஃபெரியிலும் பிறகு பஸ்ஸிலுமாக, மைலோ டின்னோடும் மூன்று பிள்ளைகளோடும் வந்து இறங்குவார். படுக்க இடம் போதாது. அஞ்சடித் தாழ்வாரம் வரைக்கும் பாய் விரிப்போம். வந்த முதல் ராத்திரியே அத்தை கேட்பது ஒன்றுதான்: “அண்ணி, காலையில பெரட்டு எத்தன மணிக்கு?” பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரம்.

விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற ஒழுக்கு குறைந்துவிடும். விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று மரம் காத்திருக்காது. அதனால் எங்கள் வீட்டில் நாலு மணிக்கே விளக்கு எரியும். அத்தை ஒன்பது மணிக்கெல்லாம் பிள்ளைகளை அதட்டித் தூங்க வைத்துவிடுவார். விடிவதற்கு முன் எழுந்து அம்மாவுக்குக் கோப்பி கலக்கிக் கொடுப்பார். முதல் வருடம் அம்மா அடுப்பண்டை விடவில்லையாம். அடுத்த வருடம் சீனி டின் இருக்கும் இடத்தைத் தானே காட்டிக் கொடுத்தார். “சம்பளம் போட இன்னும் நாலு நாள் இருக்கு, இருக்கிறத வச்சு ஆக்குவோம்” என்று வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். விருந்தோம்பலில் அம்மா செய்த மிகப் பெரிய காரியமாக இன்றைக்கு எனக்குத் தோன்றுவது, கோழிக்குழம்பை விட, அந்த ஒரு பேச்சுதான்.

1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது ஃபேக்டரி பஸ் ஏறுகிறார்கள். பலருக்கு 12 மணி நேர ஷிஃப்ட். தாமான் வீடுகளில் காலை பத்து மணிக்குத் திரைச்சீலை இழுத்து மூடிய அறை ஒன்று இருந்தால், உள்ளே யாரோ இரவு வேலை முடித்துத் தூங்குகிறார்கள் என்று அர்த்தம்.

போன வருடம் என் அண்ணன் மகள் வீட்டில் மூன்று நாள் தங்கினேன். காலையில் வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு எங்களுக்குத் தோசை சுட்டாள், பேசினாள், சிரித்தாள், கடைக்கும் கூட்டிப்போனாள். மாலையில் மறுபடியும் வேலைக்குப் போனாள். இரண்டு நாள் அவள் சரியாகத் தூங்கவே இல்லை என்பது நான் வீடு திரும்பிய பிறகுதான் தெரிந்தது. அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அத்தை கேட்ட அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை என்று பொருள். வருகிறவர் வீட்டுக்குப் புதியவர். அந்த வீட்டின் நேரம் அவருக்குத் தெரியாது. சொன்னால்தான் தெரியும்.

கெடாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. இங்கே வார ஓய்வு வெள்ளியும் சனியும். 2025 ஜனவரியில் ஜோகூர் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டதால், கெடா, கிளந்தான், திரெங்கானுவில் மட்டும்தான் இந்த வழக்கம் மிச்சம். கோலாலம்பூரிலிருந்து சனிக்கிழமை மாலை வந்து சேர்ந்து, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பேசலாம் என்று நினைப்பீர்கள். பிள்ளைகளுக்கு விடுமுறைதான், ஆனால் அரசாங்க வேலை பார்க்கும் உங்கள் மச்சான் ஞாயிறு காலை கிளம்பியாக வேண்டும். முடிந்தால் வியாழன் இரவே புறப்படுங்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டு விரதம் இருக்கும் வீடா என்பதையும் கேட்டுவிட்டு, பிறகு என்ன வாங்கிப் போவது என்று முடிவு செய்யுங்கள்.

வீட்டுக்காரர்களே, பிள்ளைகள் எப்படியும் சுங்கை செடிம் ஆற்றுக்குப் போகக் கேட்பார்கள். கூட்டிப்போங்கள். ஆனால் இங்கே வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்தால் கெபாலா ஆயர் எனும் காட்டாற்று வெள்ளம் திடீரென்று வரும் என்பதை, தண்ணீரில் இறங்கும் முன்பே ஊருக்குப் புதியவர்களிடம் சொல்லிவிடுங்கள். நீர் கலங்கினால் உடனே கரையேற வேண்டும்.

இந்த டிசம்பரில் மறுபடியும் அண்ணன் மகள் வீட்டுக்குப் போகிறேன். இந்த முறை முன்கூட்டியே கேட்டேன். பதில் வந்துவிட்டது: “அத்தே, வெள்ளிக்கிழமை காலையிலதான் நைட் ஷிஃப்ட் முடியும். ரெண்டு மணி வரைக்கும் தூங்குவேன். சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்கும். முருங்கைக்கா வாங்கி வச்சிருக்கேன், சாம்பார் நீங்க வச்சிடுங்க.”

அன்புடன்,
ஆசிரியர்