மதுசாரமும் மோட்டாரும்

அதிவேக மோட்டார் வண்டியொன்றை மதுசாரத்தில் ஓடும்படி மாற்றியமைப்பது பற்றி இன்று நாம் எழுத முற்பட்டிருப்பதைக் கண்டு, பத்திரிகாசிரியருக்கு வேறு விஷயம் அகப்படவில்லையோ என்று நமது வாசகர்களில் சிலர் எண்ணக்கூடும். மேல்நாட்டுச் சீமான்களும் பந்தயப் பிரியர்களும் பொழுதுபோக்காகச் செய்கிற வேலையில் நமக்கென்ன அக்கறை என்பது நியாயமான கேள்விதான். ஆனால், பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்னும் மதுசாரத்தைக் கலந்து விற்பது 2025-ல் இந்தியாவெங்கும் வழக்கமாகிவிட்டது. பழைய ஸ்கூட்டரில் ஆபீஸுக்குப் போகும் குமாஸ்தாவும், தம்மை எவரும் கேளாமலே, இந்தப் பரீட்சைக்குள் இழுக்கப்பட்டிருக்கிறார். சீமான் தம் வண்டியின் எரிபொருளை மாற்றுமுன் என்னென்ன ஏற்பாடுகள் செய்துகொள்கிறார் என்பதை அறிந்தால், குமாஸ்தாவின் வண்டிக்கு என்னென்ன செய்யப்படவில்லை என்பது தானே விளங்கும்.

டர்போ என்பது, இஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் பலத்தால் வெளிக்காற்றை நெருக்கி இஞ்சினுக்குள் தள்ளும் யந்திரம். காற்று அதிகமானால் சக்தி அதிகம். ஆனால் நெருக்கிய காற்று சூடேறும்; சூடு மிஞ்சினால், பொறியிலிருந்து கிளம்பிய தீ வந்து சேருமுன்னரே பெட்ரோல் தானாக வெடித்து, சம்மட்டி கொண்டு அடித்தாற்போல் பிஸ்டனைத் தட்டும். மதுசாரமோ இவ்விதம் அவசரப்பட்டு வெடிப்பதில்லை. அது ஆவியாகும்போது, அதே எடையுள்ள பெட்ரோலைப் போல் இரு மடங்குக்கு மேலான வெப்பத்தை உறிஞ்சி, உட்காற்றைக் குளிரவும் செய்கிறது. ஆகவே காற்றை இன்னும் நெருக்கலாம். மனிதனுடைய வயிற்றுக்குள் போனால் அவனை நிலைதடுமாறச் செய்யும் வஸ்து, டர்போ இஞ்சினுக்குள் போனால் அதை நிதானப்படுத்துகிறது என்பது ஒரு வேடிக்கை!

இதற்கு ஓர் அத்தாட்சி கூறுவோம். ஸ்வீடன் தேசத்து ஸாப் கம்பெனியார் 2005-ல் '9-5 பயோபவர்' என்ற வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதன் 2 லிட்டர் டர்போ இஞ்சின் பெட்ரோலில் 150 குதிரைசக்தி தந்தது. நூற்றுக்கு 85 பங்கு எத்தனால் கொண்ட 'இ-85' ஊற்றியபோது 180 குதிரைசக்தி தந்தது. இஞ்சின் ஒன்றே, சக்தி மட்டும் ஐந்திலொரு பங்கு உயர்ந்தது.

ஆனால் இந்த லாபம் சும்மா வந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வால்வுகளையும் அவற்றின் இருக்கைகளையும் கெட்டியான உலோகத்தில் செய்தார்கள். எரிபொருள் தொட்டி, பம்ப், குழாய்கள், இணைப்புகள் யாவும் மதுசாரத்துக்கு ஈடுகொடுக்கும் பொருள்களால் அமைக்கப்பட்டன. ஒரு பங்கு பெட்ரோல் எரிய, எடைக் கணக்கில், ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். அதாவது, உள்ளே வரும் அதே காற்றுக்கு எத்தனாலை மிக அதிகமாகப் பாய்ச்சியாக வேண்டும். எனவே சொந்தமாக வண்டியை மாற்றுகிறவர்கள் பெரிய இன்ஜெக்டரும் பலமான பம்பும் பூட்டி, கலப்பின் விகிதத்தை அளந்து சொல்லும் கருவியொன்றை வைத்து, இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்குப் புதுக் கணக்குக் கற்பிக்கிறார்கள். இவற்றில் ஒன்றை விட்டாலும், எரிபொருள் போதாமல் இஞ்சின் கொதித்துப் பிஸ்டன் உருகிப் போவதுண்டு. மதுசாரம் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் அதற்கென்று ஆயத்தம் செய்யப்பட்ட வீட்டில்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

கரும்பிலும் தானியத்திலும் இருந்து நம் நாட்டிலேயே வடிக்கப்படும் எரிபொருளை நாம் வெறுப்பவர்களல்ல. அந்நிய எண்ணெய்க்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி உழவனுக்குப் போய்ச் சேர்வதை ஆட்சேபிக்க நம்மால் இயலுமா? 1948-லேயே 'இந்தியப் பவர் ஆல்கஹால் சட்டம்' இயற்றிய தேசம் இது, கொள்கை புதிதல்ல. கரும்பு குடிக்கும் தண்ணீரைப் பற்றிய ஆட்சேபத்தைப் பிறிதொரு நாள் ஆராய்வோம். நமது புகார் அவசரத்தைப் பற்றியது. நூற்றுக்கு இருபது என்ற இலக்கை 2030-க்குள் எட்டுவதாக 2018-ல் வகுத்த சர்க்கார், 2022-ல் அதை 2025-26 என்று முன்னுக்கு இழுத்துக்கொண்டனர். சாலையில் ஓடிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான பழைய வண்டிகள் அந்த உத்தரவைப் படித்துவிட்டுத் தம் ரப்பர் குழாய்களை மாற்றிக்கொள்ளவில்லை.

கணக்கையும் பார்ப்போம். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்பம் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் மொத்தத்தில் பதினைந்தில் ஒரு பங்கு குறையும். அதாவது நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறவருக்கு ஆறு ரூபாய்க்கு மேற்பட்ட தூரம் நஷ்டம். இது நம் கற்பனையன்று. சர்க்காரின் நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே, பழைய அமைப்புள்ள கார்களுக்கு நூற்றுக்கு 6 முதல் 7 வரையிலும், அத்தகைய இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 வரையிலும் மைலேஜ் குறையுமென்று மதிப்பிட்டது. அந்த நஷ்டத்துக்கு ஈடாகக் கலப்பு எரிபொருளின் விலை குறைவாயிருக்க வேண்டும் என்றும் அதே அறிக்கை கூறிற்று. டர்போ வண்டிக்காரர் காற்றை நெருக்கி நஷ்டத்தில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளக்கூடும். கார்புரேட்டர் வைத்த பழைய ஸ்கூட்டருக்குக் கலப்பு மாறியதே தெரியாது. தெரிந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பிரேஸில் தேசத்தார் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுக் கற்றார்கள். 1975-ல் மதுசாரத் திட்டம் தொடங்கி, 1979-ல் முழு மதுசாரத்தில் ஓடும் ஃபியட் 147 காரை வெளியிட்டு, 1980-களின் மத்தியில் புதிய கார்களில் மிகப் பெரும்பாலானவற்றை அதிலேயே ஓட்டினார்கள். அந்தத் தசாப்தத்தின் முடிவில் மதுசாரம் தட்டுப்பட்டது. வண்டிக்காரர்கள் வரிசையில் நின்று சலித்து அக்கார்களையே கைவிட்டார்கள். 2003-ல் எந்த விகிதத்திலும் ஓடும் வண்டி வந்து, பம்ப் வாசலில் எதை வாங்குவது என்ற உரிமை வண்டிக்காரரிடம் திரும்பிய பின்னரே நம்பிக்கை பிறந்தது. மதுசாரத்தின் விலை பெட்ரோல் விலையில் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே இருந்தால் அதை வாங்குவது அங்கே சாதாரண ஜனங்களின் வாய்க்கணக்கு.

நமது நாட்டிலோ, கலப்பில்லாத பெட்ரோலையும் தேர்ந்துகொள்ள இடம் வேண்டுமென்று தாக்கலான மனுவை 2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. தீர்ப்புக்கு நாம் தலைவணங்குகிறோம். கொள்கை வகுப்பது கோர்ட்டின் வேலையன்று. ஆனால் சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் ஒன்று கேட்போம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக ஒருவர் தம் வண்டியைத் தம்மிஷ்டப்படி மாற்றியமைக்கலாகாது. பிரஜை தம் சொந்த வண்டியைத் தொடுவதற்கு இத்தனை கட்டுப்பாடு விதிக்கும் ராஜ்யம், அவருடைய தொட்டிக்குள் போவதை மாற்றும்போது அவருக்குக் கூறவேண்டிய சமாதானம் ஒன்றுமே இல்லையா?

ஒவ்வொரு பம்பிலும் கலப்பு விகிதம் தமிழில் தெளிவாக எழுதப்படட்டும். 2023-க்கு முன் செய்த வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு, எந்தக் குழாயை, எந்த வாஷரை எப்போது மாற்றவேண்டுமென்று கம்பெனிகள் பகிரங்கமாக அறிவிக்கட்டும். அதற்காகும் செலவை யார் ஏற்பதென்று சர்க்கார் வாய்திறந்து சொல்லட்டும். விலைக் குறைப்பைப் பொறுத்தவரை புதிதாகக் கமிட்டி ஒன்றும் போட வேண்டியதில்லை. 2021-ம் வருஷத்து அறிக்கையை அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தால் போதும்.