விளங்காத கடிதம் யாருக்கு வசதி?

பிரித்தானிய உள்துறை அமைச்சிடம் ‘நோ டைம் லிமிட்’ என்று ஒரு விண்ணப்பம் இருக்கிறது. தமிழில் ‘கால எல்லை இல்லை’. பல வருடங்களுக்கு முன் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்து, இன்றும் பழைய பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையை மட்டும் வைத்திருக்கிற ஆட்களுக்கான விண்ணப்பம் அது. இப்போது அட்டைகளையும் முத்திரைகளையும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஈ-விசாவாக மாற்றுகிறார்கள். ஈ-விசா என்பது கையில் பிடிக்க முடியாத, இணையத்தில் மட்டும் இருக்கிற பதிவு. அட்டை வைத்திருந்த பெரும்பாலானோருக்கு அது 2024 டிசம்பர் 31ஓடு முடிந்தது. அட்டையே எடுக்காத மூத்தவர்கள் ஈ-விசாவுக்குப் போக முதலில் இந்த விண்ணப்பத்தைப் போடவேண்டும்.

பெயரின் கருத்து என்ன? ‘இந்த நாட்டில் நீங்கள் இருப்பதற்குக் கால எல்லை இல்லை’ என்பதுதான். ஆனால் கேட்கிற ஆளுக்கு எப்படி விளங்கும்? “அதுக்கு டைம் லிமிட் ஒண்டும் இல்லையாம், ஆறுதலாப் போடலாமாம்.” கிழமையில் ஒரு பின்னேரம், மற்றவர்களுக்கு வந்த கடிதங்களை வாசித்துச் சொல்கிற வேலையை நான் செய்கிறேன். இந்த விளக்கத்தை அங்கே ஒருவரிடம் மட்டும் கேட்கவில்லை. அவர்கள் படிக்காதவர்களும் இல்லை. ஊரில் ஆசிரியராக இருந்தவர்கள், கணக்காளராக இருந்தவர்கள். பெயர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, ‘மேன்டற்றரி ரீகன்சிடரேஷன்’. 2013இலிருந்து, அரச கொடுப்பனவு ஒன்றை மறுத்தால் நேரே தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. அதே திணைக்களத்திடம் ‘இன்னொருக்கால் பாருங்கோ’ என்று முதலில் கேட்கவேண்டும். வழமையாக ஒரு மாதத்துக்குள். இதைத் தமிழில் ‘கட்டாய மறுபரிசீலனை’ என்று போடுகிறார்கள். வாசிக்கிறவர் என்னிடம் கேட்கிறார்: “கட்டாயம் எண்டா அவையே பாப்பினம்தானே பிள்ளை, நாங்கள் ஏன் எழுதவேணும்?” நியாயமான கேள்வி. கட்டாயம் அவர்களுக்கு அல்ல, எங்களுக்கு. சொல்லின் அரைவாசி அந்தத் திசையை மறைத்துவிட்டது. ஒரு மாதம் போனபிறகு விளங்கி என்ன பயன்?

மூன்றாவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விசாவில் இருக்கும் ‘பொது நிதிக்கு உரித்தில்லை’ என்ற வரி. சட்டத்தில் ‘பொது நிதி’ என்பது ஒரு பட்டியல். யூனிவேர்சல் கிரெடிட், வீட்டு உதவி, பிள்ளைக் கொடுப்பனவு என்று நீளும் பட்டியல். அரச பாடசாலை அதில் இல்லை. என்எச்எஸ் அதில் இல்லை. ஆனால் சாதாரண ஆளுக்குப் பொதுக்காசில் நடக்கிற எல்லாமே பொது நிதிதானே. அதனால் டொக்டரிடம் போகப் பயந்து வீட்டில் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை யாரும் தனியாக உத்தரவு போட்டு உண்டாக்கவில்லை. மூன்று சொல் போதுமாக இருந்தது.

‘சட்ட விஷயம் சிக்கலானது, சிக்கலாகத்தான் எழுதவேண்டும்’ என்று சில லோயர்மார் சொல்லுவார்கள். அரசாங்கத்துக்கு எளிமையாக எழுதத் தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. 2013 ஜூலையில் லண்டனில் ஓடிய அந்த விளம்பர வான்களை நினைவிருக்கிறதா? பிரென்ற், ஈலிங், ரெட்பிரிட்ஜ் என்று எங்கள் சனம் நெருக்கமாக வாழும் இடங்களுக்கும் வந்தன. சட்டவிரோதமாக இருந்தால் வீட்டுக்குப் போ, இல்லாவிட்டால் கைது. ஆறேழு சொல். படம் உண்டு, அடியில் நம்பர் உண்டு. வயது, படிப்பு, ஆங்கில அறிவு எதுவும் தேவையில்லை, எல்லோருக்கும் விளங்கியது. அதில் போட்ட கைது எண்ணிக்கை ஆட்களைத் தவறாக எண்ணவைக்கிறது என்று விளம்பரத் தர ஆணையம் பிறகு தீர்ப்புச் சொன்னது வேறு கதை. வெருட்டுவதற்கு அரசாங்கத்துக்கு வசனம் வருகிறது. உரிமையைச் சொல்லும்போதுதான் நாக்குத் தடுக்குகிறது.

அரச இணையத்தளத்தில் எழுதுகிற எல்லோரையும் இதற்குள் போட்டு அடிக்கவும் கூடாது. 2012இல் தொடங்கிய கவ்.யூகே தளத்துக்கென்று ஒரு எழுத்து விதி இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை வாசிக்கிற அளவில் எழுது, 25 சொல்லுக்கு மேல் வசனம் போகவேண்டாம், ‘நீங்கள்’ என்று நேரே பேசு. நல்ல விதி. அதை உண்மையாகக் கடைப்பிடிக்கிற ஊழியர்களும் இருக்கிறார்கள், அவர்களில் பலர் தொழிற்சங்க அங்கத்தவர்கள். ஆனால் அவர்கள் துடைத்துத் துலக்குவது முன் கண்ணாடியைத்தான். உள்ளே இருக்கிற சாமான் அப்படியே கிடக்கிறது. குடிவரவு விதிகள் 1973இல் 40 பக்கம் அளவில் இருந்தன என்றும், இப்போது சுமார் 1,100 பக்கம் என்றும் சட்ட ஆணைக்குழு 2020 ஜனவரி அறிக்கையில் எழுதியது. எளிமையாக்கினால் பத்து வருடத்தில் 70 மில்லியன் பவுண் மிச்சப்படும் என்றும் கணக்குக் காட்டியது. காசு மிச்சம் என்றால் உடனே ஓடுகிற அரசாங்கங்கள் இதில் மட்டும் ஆறுதலாக நடக்கின்றன.

2023 பெப்ரவரியில் அதே அமைச்சு, தஞ்சக் கோரிக்கைகள் தேங்கிக் கிடந்ததால், ஆப்கானிஸ்தான், எரித்திரியா, லிபியா, சிரியா, யேமன் ஆகிய ஐந்து நாட்டவர்களில் ஏறக்குறைய 12,000 பேருக்கு நேர்முக விசாரணைக்குப் பதிலாகக் கேள்விக்கொத்து அனுப்பப்போவதாக அறிவித்தது. ஆங்கிலத்தில் நிரப்பவேண்டும். 20 வேலை நாள். நிரப்பி அனுப்பாவிட்டால் கோரிக்கையைக் கைவிட்டதாக எடுக்கவும் கூடும். சிறையிலும் கடலிலும் நடந்ததை, தெரியாத மொழியில், ஹோட்டல் அறையில் இருந்துகொண்டு, போனில் மொழிபெயர்த்து எழுது என்பது எப்படிப்பட்ட எளிமை?

இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாங்கள் தேசியம், அடையாளம் என்று பெரிய சொற்களில் பேசுவோம். ஆனால் ஒரு வீட்டுக்குள் அது என்னவாக வந்தது? வாசிக்க முடியாத கடிதமாக வந்தது. பென்ஷனோ காணியோ, வந்த உறையைத் தூக்கிக்கொண்டு சிங்களம் தெரிந்த ஒருவரிடம் போய் நிற்கவேண்டும். அவர் சொல்வதை நம்பவேண்டும். 1987இல் தமிழும் அரசகரும மொழி என்று யாப்பில் எழுதியபிறகும் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருவது நின்றுவிடவில்லை. அந்த அவமானத்தைத் தெரிந்த சனம் இங்கே வந்து பேரப்பிள்ளையின் பாடசாலை முடியும்வரை காத்திருந்து கடிதத்தை நீட்டுகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அம்மம்மாவின் நோயையும் கடனையும் வாசிக்கிறது. இதை ஏதோ குடும்பப் பாசம் என்று நாங்கள் ரசிக்கிறோம். எனக்கு இது அரசாங்கம் செய்யவேண்டிய வேலையைப் பிள்ளையின் தலையில் கட்டுவதாகத்தான் தெரிகிறது.

‘அப்ப தமிழில் மொழிபெயர்த்தால் சரிதானே’ என்பார்கள். அங்கேதான் அடுத்த சிக்கல். குழம்பிய ஆங்கிலத்தைத் தமிழாக்கினால் குழம்பிய தமிழ்தான் வரும், அதோடு எங்கள் பண்டிதத்தனமும் சேரும். ஒரு உள்ளூராட்சி அலுவலகம் (பெயர் வேண்டாம்) அனுப்பிய தமிழ்த் துண்டில் இருந்தது ஏறக்குறைய இப்படி:

‘குறிப்பிடப்பட்ட கால எல்லைக்குள் கோரப்பட்ட ஆவணங்கள் சமர்ப்பிக்கப்படாதவிடத்துக் கொடுப்பனவு இடைநிறுத்தப்படக்கூடும்.’

எழுத்துப் பிழை இல்லை. இலக்கணப் பிழை இல்லை. ஆனால் யார் கோரினார்கள்? எந்த ஆவணம்? எந்த நாள்? யார் நிறுத்துவார்கள்? ‘கூடும்’ என்றால் நிறுத்துவார்களா, மாட்டார்களா? அதையே இப்படி எழுதலாம்:

‘உங்கள் வாடகை ஒப்பந்தத்தையும் கடைசி இரண்டு மாத வங்கிக் கூற்றையும் மே 14க்கு முதல் எங்களுக்கு அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் உங்களுக்குக் காசு தருவதை மே 15இல் நிறுத்துவோம்.’

இரண்டாவது நீளமாகத்தான் இருக்கிறது. எளிமை என்றால் சுருக்கம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். வித்தியாசம் ‘நிறுத்துவோம்’ என்பதில் இருக்கிற ‘ஓம்’இல் இருக்கிறது. அதைச் சொன்னவுடன் ஒரு ஆள் தெரிகிறார். ஆள் தெரிந்தால் ‘ஏன் நிறுத்தினீங்கள்?’ என்று கேட்கலாம். ‘இடைநிறுத்தப்படக்கூடும்’ என்று எழுதினால் மழை பெய்யக்கூடும் மாதிரி, யாரையும் கேட்க முடியாது. வீட்டில் யாரும் ‘சோறு சமைக்கப்பட்டுள்ளது’ என்று சொல்வதில்லை. தமிழ் வாய்க்கு இந்தப் ‘படு’ இயல்பில்லை. அது அலுவலக மேசையில் ஏறிக் குந்திக்கொண்டது.

இதில் ஆங்கில விதிகளை அப்படியே தூக்கிவந்தும் பயனில்லை. 25 சொல் என்ற கணக்குத் தமிழுக்குப் பொருந்தாது. நாங்கள் நாலைந்து ஆங்கிலச் சொல்லை ஒன்றாகக் கட்டி ஒரே சொல்லாக்குகிற ஆட்கள். எங்கள் வசனத்தில் வினை கடைசியில் வரும். அதற்கு முன்னால் ‘பெற்றுக்கொண்ட’, ‘வழங்கப்பட்ட’, ‘உள்ளடக்கிய’ என்று எச்சங்களை அடுக்கினால், வாசிக்கிறவர் எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு முற்றுப்புள்ளிவரை நடக்கவேண்டும். உடைக்கவேண்டியது அந்த அடுக்கை. சொல்லைத் தெரிவதிலும் தூய்மை பார்த்தால் சரிவராது. ‘நுழைவிசைவு’ என்றால் எங்கள் ஆட்கள் முழிப்பார்கள், விசா என்றால் விளங்கும். ‘உதவித்தொகை’ தமிழ்நாட்டுக்காரருக்கு இயல்பு, ‘கொடுப்பனவு’ எங்களுக்கு இயல்பு, ‘பெனிபிற்’ லண்டனில் இருவருக்கும் இயல்பு. அப்படியானால் பெனிபிற் என்றே எழுதுவதில் என்ன வெட்கம்?

வாசிக்கவே முடியாத பக்கங்களும் இருக்கின்றன. 2018இல் வந்த ஒழுங்குவிதிகள், அரச இணையத்தளங்கள் மாற்றுத்திறனாளிகளும் பாவிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்கின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5க்கு 1 இருக்கவேண்டும் என்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் வாசிப்பு மட்டம் பற்றிய அளவுகோல் அந்தத் தரநிலையின் ஆக உயர்ந்த படியில் கிடக்கிறது. சட்டம் அந்தப் படிவரை கேட்கவில்லை. ஆக, பளிச்சென்று தெரிகிற நிறத்தில் ஒன்றுமே விளங்காத வசனத்தைப் போட்டால் சட்டப்படி சரி.

தமிழ்ப் பக்கங்களின் நிலை இன்னும் மோசம். பல இடங்களில் தமிழைப் படமாக ஒட்டிவிடுகிறார்கள். படத்தில் இருக்கிற எழுத்தைத் திரைவாசிப்பான் வாசிக்காது, பெரிதாக்கினால் மங்கும், தேடினால் வராது. எங்கள் சங்கங்களின் பழைய கோப்புகள் பாமினியில் கிடக்கின்றன. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். பார்வையற்ற ஒருவர் அதைத் திறந்தால் காதில் விழுவது பொருளில்லாத ஆங்கில இரைச்சல். அவர் பாவிக்கக்கூடிய கருவி இல்லாமல் இல்லை. இலவசமாகக் கிடைக்கிற என்விடிஏ தமிழைப் பேசும். பக்கத்தில் யூனிகோட் எழுத்தும், ‘இது தமிழ்’ என்று சொல்கிற ஒரு சின்னக் குறியும் இருந்தால் போதும்.

தோழர்கள் கோபிக்கவேண்டாம், தமிழ் இடதுசாரி எழுத்தையும் இதே தராசில் வைக்கவேண்டும். உபரி மதிப்பு போன்ற சொற்களை விடச் சொல்லவில்லை, அவற்றுக்கு மாற்று இல்லை, ஒருமுறை விளக்கிவிட்டுப் பாவிக்கலாம். என் சண்டை ‘தொழிலாளர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டுள்ளனர்’ என்ற வசனத்தோடு. யார் நீக்கினார்கள்? முதலாளியின் பெயரை மறைக்க முதலாளியின் பத்திரிகைக்குக் காரணம் உண்டு. எங்கள் துண்டுப்பிரசுரத்துக்கு என்ன காரணம்?

லிவர்பூலைச் சேர்ந்த கிறிஸ்ஸி மஹர், பதின்ம வயதின் நடுப்பகுதிவரை வாசிக்கத் தெரியாமல் இருந்த பெண். 1979இல் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்று நூற்றுக்கணக்கான அரசாங்கப் படிவங்களைத் துண்டு துண்டாக வெட்டினார். எளிய ஆங்கில இயக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. பிறகு அது கம்பனிகளுக்கும் திணைக்களங்களுக்கும் முத்திரை கொடுக்கிற அமைப்பாகவும் ஆனது, அதில் எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. ஆனால் தொடக்கம் தெருவில்தான். மொழி வல்லுநர் யாரும் தொடக்கிவைக்கவில்லை, படிவத்தோடு மல்லுக்கட்டிய ஆள்தான் தொடக்கினார்.

அதனால் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ வந்த கடிதங்களில், தமிழோ ஆங்கிலமோ, விளங்காத வசனத்தை மட்டும் எழுதி இந்த மடலுக்குப் பதிலாக அனுப்புங்கள். பெயர், முகவரி, இலக்கம் எதுவும் வேண்டாம். யாருடைய அலுவலகம் என்பதும், அந்த வசனத்தை உங்கள் அம்மாவோ பெரியப்பாவோ எப்படி விளங்கிக்கொண்டார் என்பதும் வேண்டும். அவர் சொன்னதை அவருடைய சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தவேண்டாம். ஒரு முப்பது நாற்பது சேர்ந்தால் கவுன்சில் கூட்டத்தின் பொதுக் கேள்வி நேரத்துக்குக் கொண்டுபோகலாம். மொழிபெயர்க்கிற ஆளுக்கு நியாயமான கூலியும், அச்சிட முதல் நாலு தமிழ் வாசகர்களிடம் வாசிக்கக் கொடுக்கிற ஒரு நாளும், இரண்டையும்தான் முதலில் கேட்கப்போகிறோம்.